சதுரம் படுத்த கதை: உப்புவெளியில் ஒரு தரம் 3 வகுப்பும் கோணங்களும்

பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் விற்கிற மரக்கறி ரொட்டி முக்கோணிதான் என்று 26 பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லாருமே ஒத்துக்கொண்டார்கள். நான் மட்டையில் வெட்டி வைத்திருந்த இன்னொன்றுக்கு மூன்று நேரான பக்கங்களும் மூன்று மூலைகளும் ஒழுங்காக இருந்தன. ஆனால் அது ஒல்லியாக, நீளமாக இருந்தது. அதை ஒருவரும் எடுக்கவில்லை. "அது ஊசி டீச்சர்" என்றான் ஒருவன். "இல்ல, கத்தி" என்றாள் பக்கத்தில் நின்றவள். ரொட்டியின் பக்கங்கள் உப்பியிருப்பதும் மூலைகள் உருண்டிருப்பதும் யார் கண்ணிலும் படவில்லை. இந்த நிகழ்வு ஆய்வு அந்தக் காலையில் தொடங்கியது.

வகுப்பும் முதல் சோதனையும்

நான் கற்பிப்பது திருகோணமலை நகரத்துக்கு வடக்கே உப்புவெளிப் பக்கம், கடற்கரைக்கு நடந்தே போகக்கூடிய ஒரு தமிழ்மொழிப் பாடசாலையில். தரம் 3, எட்டு வயதுப் பிள்ளைகள். தகப்பன்மாரில் சிலர் கடலுக்குப் போகிறவர்கள், சிலர் மேசன், ஓடாவி வேலை செய்கிறவர்கள், சிலர் ஆட்டோ ஓடுகிறார்கள். பாடசாலையின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். இதில் சொல்வதெல்லாம் ஒரு தவணையின் ஆறு வாரங்களில் நடந்தது. கணித நேரத்தில் வாரத்துக்கு இரண்டு பாடவேளையை இதற்கென்று ஒதுக்கியிருந்தேன்.

முதல் சோதனைக்குப் பால்மாப் பெட்டி மட்டையில் பதினைந்து உருவங்கள் வெட்டினேன். அவற்றை மேசையில் குவித்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "முக்கோணியை எல்லாம் ஒரு பக்கம் எடுத்து வையுங்கோ" என்றேன். பிறகு சதுரத்துக்கும் அப்படியே. எதை எடுத்தார்கள் என்று மட்டும் குறித்தால் பாதிதான் விளங்கும். ஏன் எடுத்தாய், ஏன் விட்டாய் என்று கேட்டு, வந்த பதிலைப் பிள்ளை சொன்ன மாதிரியே ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன். இந்த ஆய்வுக்கு ஆதாரம் என்று என்னிடம் இருப்பது அந்தக் கொப்பி ஒன்றுதான்.

நுனி மேலே, தட்டையான அடி கீழே என்று இருந்தால் அது முக்கோணி. அதே மட்டையைத் தலைகீழாக வைத்தால் "விழுந்திட்டுது" என்றார்கள். சதுரத்தைச் சரித்து ஒரு மூலையில் நிறுத்தினால் அது "டயமன்" ஆகிவிட்டது. கடதாசி விளையாட்டில் வருகிற டயமன். ஒரு பையன், இவனைக் கடைசி வாங்குக்காரன் என்றே சொல்கிறேன், மட்டையைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினான். "இப்ப சதுரம். இப்ப டயமன். இப்பத் திரும்பவும் சதுரம்." வித்தை காட்டுகிறவன் மாதிரி முகம். மட்டை ஒன்றுதானே என்று கேட்டேன். ஓம் என்றான். அதில் அவனுக்கு ஒரு சிக்கலும் தெரியவில்லை.

இதற்குக் காரணம் பிள்ளைகளா என்று பார்த்தால், வகுப்புச் சுவரில் தொங்கிய படம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சில வருடங்களுக்கு முன் நானே பிறிஸ்டல் போட்டில் வரைந்தது. மூன்று பக்கமும் சமமான ஒரு முக்கோணி, நுனி மேலே. ஒரு சதுரம், நேராக. ஒரு செவ்வகம், படுக்கையாக. பிள்ளைகள் அதைத்தான் மனதில் ஒட்டி வைத்திருந்தார்கள். முக்கோணி என்ற சொல்லுக்கு அவர்கள் பொருள் படிக்கவில்லை, ஒரு முகத்தை ஞாபகம் வைத்திருந்தார்கள். முகத்தைத் தலைகீழாகப் பிடித்தால் பெரியவர்களுக்கே ஆளைத் தெரியாதே.

ஆசிரியர் பயிற்சியில் படித்த வான் ஹீலே நிலைகள் அப்போது ஞாபகம் வந்தன. பியர் வான் ஹீலே, டினா வான் ஹீலே என்ற நெதர்லாந்து ஆசிரியத் தம்பதியர் 1957இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த கலாநிதிப் பட்ட ஆய்வுகளில் பிறந்தது அந்தக் கருத்து. டினா அதற்குப் பிறகு அதிக காலம் உயிரோடிருக்கவில்லை. (ஒல்லாந்தர் என்றால் திருகோணமலைக்காரருக்குக் கோட்டைதான் முதலில் ஞாபகம் வரும். இப்படியும் இரண்டு ஒல்லாந்தர் இருந்திருக்கிறார்கள்.) அவர்கள் சொன்னபடி, பிள்ளை முதலில் உருவத்தை முழுசாக, பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காண்கிறது. அடுத்த படியில்தான் எத்தனை பக்கம், பக்கங்கள் சமமா, மூலை எப்படி என்று இயல்புகளைப் பிரித்துப் பார்க்கிறது. சதுரமும் ஒரு செவ்வகம்தான் என்று ஏற்பது அதற்கும் மேலே. ஒரு படியில் நிற்கிற பிள்ளையிடம் இன்னொரு படியின் பேச்சைப் பேசினால் அது தலையாட்டும், விளங்காது. வயது ஏறினால் தானாக வருகிற படிகளும் இல்லை இவை. என்ன செய்து பழகினார்கள் என்பதில்தான் ஏற்றம் இருக்கிறது. என் வகுப்பு முதல் படியில் நின்றது. நானோ இரண்டாம் படியில் நின்று பேசிக்கொண்டிருந்தேன்.

கோணல், சிவப்பு, கூர்

உருவங்களில் நிற்பது இப்படியென்றால், கோணத்தில் சிக்கல் வேறு விதமாக வந்தது. அது பாதிக்கு மேல் சொல்லின் சிக்கல்.

"கோணம் என்றால் என்ன?" என்று வெறுமனே கேட்டுப் பார்த்தேன். "கோணல்" என்றார்கள் பலர். "கோணல் மாணலா எழுதாத எண்டு அம்மா ஏசுவா" என்று ஒருத்தி உதாரணமும் சொன்னாள். வளைந்து நெளிந்து போவது கோணல், அதற்குப் பக்கத்துச் சொல் கோணம். பிறகு நான் கரும்பலகையில் நேரான இரண்டு கோடுகளைச் சந்திக்க வைத்து இதுதான் கோணம் என்றால் எட்டு வயதுக்கு அது எப்படிப் பொருந்தும்? "நேரா இருக்கிறது எப்பிடி டீச்சர் கோணம்?" என்று கேட்டவளுக்கு அன்று என்னால் ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை.

அப்புறம் செங்கோணம். கொப்பியில் செங்கோணம் ஒன்று வரையச் சொன்னேன். இரண்டாம் வரிசையில் இருக்கிற பெண்பிள்ளை பென்சிலை வைத்துவிட்டுச் சிவப்பு நிறப் பென்சிலைத் தேடினாள். ஏன் மகள் என்றேன். "செங்கோணம் சிவப்புத்தானே டீச்சர்." செங்கல் சிவப்பு, செவ்விளநீர் சிவப்பு, செவ்வரத்தம்பூ சிவப்பு. அவளுடைய தர்க்கத்தில் ஒரு ஓட்டையும் கிடையாது. பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிவப்புப் பென்சிலை எடுத்துவிட்டார்கள்.

ஆங்கிலத்தில் இந்தத் தவறு வராது. தமிழில் செம்மை என்றால் சிவப்பும் உண்டு, நேரும் உண்டு. செங்கோல் என்றால் வளையாத கோல். செங்குத்து என்றால் சரியாமல் நிமிர்ந்து நிற்பது. அன்றைக்குப் பாடத்தை அப்படியே விட்டுவிட்டு 'செ' சொற்கள் பிடிக்கிற விளையாட்டு ஒன்று விளையாடினோம். நிறம் சொல்கிற சொற்கள் கரும்பலகையின் ஒரு பக்கம், நேரைச் சொல்கிற சொற்கள் மறுபக்கம். நேர்ப் பக்கத்தில் செங்குத்து, செங்கோல், செங்கோணம் என்று மூன்று சேர்ந்தன. சிவப்புப் பென்சில்காரிதான் கடைசியில், "அப்ப செவ்வகம்?" என்று கேட்டாள். எனக்கே அது அதுவரை தோன்றவில்லை. செவ்வகத்தின் நான்கு மூலையும் செங்கோணம். செவ்வகம் நேர்ப் பக்கத்தில் நான்காவதாக ஏறியது.

மற்ற இரண்டு சொற்களும் எங்களுக்குத் துணை. கூர்ங்கோணத்தைக் கூரான பென்சில் நுனியும் விரிகோணத்தைப் பாய் விரிப்பதும் விளங்கப்படுத்திவிடும். தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. நடத்திய நேரம் வீண் என்றே சொல்வேன்.

ஒரு பையன் மட்டும் விடவில்லை. "எங்கட ஊர்ப் பேரிலயும் கோணம் இருக்கே டீச்சர்." இருக்கிறது. தேவாரத்தில் கோணமாமலை. திரிகோணமலை என்று எழுதுகிறவர்களும் உண்டு, திரிகோணம் என்றால் முக்கோணம். பேர்க்காரணம் பற்றிப் பெரியவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லாததால், மூலை, முனை என்ற அளவில் சொல்லி நிறுத்தினேன். ஆனால் அவன் கேட்டது அடுத்த வாரம் எனக்குப் பெரிய உதவியாகிவிட்டது.

கடலைப் பார்த்து நின்று

கோணத்தை மூலை என்று தொடங்காமல் திரும்புதல் என்று தொடங்கலாம் என்று முடிவு செய்தேன். மூலை அசையாத பொருள். அதில் எது கூடுகிறது, எது குறைகிறது என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை. திரும்புவது அப்படியல்ல, உடம்புக்கே அது தெரியும்.

உப்புவெளி இதற்கென்றே அமைந்த மாதிரி இடம். மைதானத்தில் கடலைப் பார்த்து நின்றால் கிழக்கு. வலப்பக்கம் திரும்பினால் தெற்கே திருகோணமலை நகரம். இன்னொரு முறை வலப்பக்கம் திரும்பினால் மேற்கே, வெந்நீர்க் கிணறுகள் இருக்கிற கன்னியா. இன்னொன்று திரும்பினால் வடக்கே நிலாவெளி. இன்னொன்று, மறுபடியும் கடல். நான்கு இடமும் பிள்ளைகள் அறிந்தவை. தேர்த் திருவிழாவுக்கும் குளிக்கவும் பெரியம்மா வீட்டுக்கும் போய் வருகிற இடங்கள்.

"கடல்!" "கன்னியா!" என்று நான் கூப்பிட, அவர்கள் துள்ளித் திரும்பினார்கள். இரண்டு நாள் வெறும் விளையாட்டு. மூன்றாம் நாள்தான் கால் சுற்று, அரைச் சுற்று, முக்கால் சுற்று, முழுச் சுற்று என்ற பேர்களைக் கொடுத்தேன். கடலில் இருந்து நகரத்துக்கு ஒரு கால் சுற்று, அதுதான் செங்கோணம். கடலில் இருந்து கன்னியாவுக்கு இரண்டு செங்கோணம். முழுச் சுற்றுக்கு நான்கு. பாகை என்ற சொல்லையோ 90, 360 என்ற எண்களையோ எடுக்கவில்லை, பாகைமானியைக் காட்டவும் இல்லை. ஒன்றைக் கால், அரை என்று அளக்கத் தெரியாத பிள்ளைக்கு 90 என்பது இன்னொரு எண், அவ்வளவுதான்.

நாலாம் நாள் ஊர்ப்பேர்ப் பையன் கேட்டான்: "கோணேசர் கோயிலுக்குத் திரும்பச் சொன்னா எவ்வளவு டீச்சர்?"

அதிபரிடம் கேட்டு, இன்னொரு ஆசிரியரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். உப்புவெளிக் கரையில் நின்றால் விரிகுடாவுக்கு அப்பால் சுவாமி மலை துருத்திக்கொண்டு நிற்கிறது. உச்சியில் கோணேசர் கோயில். கடலை நேரே பார்த்து நின்றுவிட்டுக் கோயிலை நோக்கித் திரும்பினால் கிட்டத்தட்ட தென்கிழக்கு. நகரம் வரைக்கும் போகாது, பாதி வழியில் நின்றுவிடும்.

இங்கேதான் மடித்த தாள் வந்தது. அளவில்லாமல் கிழித்த பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்து எப்படியாவது ஒரு முறை மடித்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும். அந்த மடிப்பு தன் மேலேயே சரியாகப் படிகிற மாதிரி இன்னொரு முறை மடித்தால் செங்கோணம். தாள் எவ்வளவு கிழிசலாக இருந்தாலும் மூலை பிழைக்காது, ஏனென்றால் அரைச் சுற்றைத்தான் சரிபாதியாக்குகிறோம். பிரித்தால் ஒரே புள்ளியைச் சுற்றி நான்கு செங்கோணம் தெரியும். மைதானத்தில் சுற்றிய அதே நான்கு. இந்த மடிப்புக்குப் பிள்ளைகள் தாங்களே வைத்த பேர் 'மூலைத்தாள்'.

மணலில் மூலைத்தாளை வைத்தோம். ஒரு விளிம்பு கடலுக்கு, மறு விளிம்பு நகரத்துக்கு. கோயில் நடுவில். கேள்வி கேட்டவன் தாளை எடுத்து இன்னொரு மடிப்பு மடித்தான். மடித்துத் திரும்ப வைத்தபோது விளிம்பு ஏறக்குறையக் கோயிலையே காட்டியது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. "பாதி மூலை" என்று சொன்னான். "கூர்" என்றாள் சிவப்புப் பென்சில்காரி. இரண்டு பேரும் சொன்னது சரி. காற்று தாளைத் தூக்கிக்கொண்டு போனதால் மற்றவர்களில் பாதிப்பேர் அதைப் பார்க்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஈர்க்கும் வால்வு இறப்பரும்

உருவங்களுக்குத் திரும்பியது மூன்றாம் வாரம். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் இருந்து தென்னை ஈர்க்குக் கொண்டுவந்தது. சைக்கிள் வால்வுக்குப் போடுகிற மெல்லிய இறப்பர்க் குழாயை வாங்கிச் சிறு துண்டுகளாக நறுக்கி வைத்திருந்தேன். துண்டின் இரு முனையிலும் ஈர்க்கைச் செருகினால் மூட்டு தயார், முழங்கை மாதிரி மடங்கும்.

முதலில் மூன்று ஈர்க்கு. எல்லாருக்கும் முக்கோணி வந்தது, ஒருவனைத் தவிர. அவன் நீளமான ஈர்க்கு ஒன்றும் சின்னச் சின்னதாக இரண்டும் எடுத்திருந்தான். எவ்வளவு இழுத்தும் முனைகள் சேரவில்லை. "ஏலாது டீச்சர், எட்டுதில்ல." அவனைச் சுற்றி ஒரு கூட்டம். எவ்வளவு நீளமாக இருந்தால் எட்டும் என்று அவர்களே ஒடித்து ஒடித்துப் பார்த்து, சின்னது இரண்டும் சேர்ந்தால் பெரியதைவிட நீளமாக இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார்கள். அன்று என் திட்டத்தில் இது இல்லவே இல்லை. பாடவேளை முழுக்க இதிலேயே போனது, போகட்டும் என்று விட்டேன். ஒல்லி முக்கோணிகள் வகுப்பில் தாராளமாகப் பிறந்ததும் இந்த ஒடிப்பில்தான். 'ஊசி' என்று தள்ளியவர்களே இப்போது கையால் செய்து வைத்திருந்தார்கள்.

அடுத்த நாள் சம நீளத்தில் நான்கு ஈர்க்கு. சதுரம் செய்து மேசையில் வைத்ததும் கடைசி வாங்குக்காரன் அதை ஒரு விரலால் தட்டினான். சரிந்தது.

"டீச்சர், சதுரம் படுத்திட்டுது!"

வகுப்பே தங்கள் சதுரங்களைத் தட்டத் தொடங்கியது. எல்லாம் படுத்தன. முக்கோணியைத் தட்டினார்கள், அது அசையவில்லை. அழுத்தினால் ஈர்க்கு வளைந்ததே ஒழிய உருவம் மாறவில்லை. "முக்கோணி பலசாலி" என்று ஒருத்தி தீர்ப்புச் சொன்னாள். பக்கங்களின் நீளத்தை முடிவு செய்துவிட்டால் முக்கோணியின் கோணங்களும் முடிவாகிவிடும். நான்கு பக்கத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கூரை வளையில், பாலத்தின் இரும்புச் சட்டத்தில், கதவின் குறுக்குச் சட்டத்தில் முக்கோணி ஏன் வருகிறது என்பது இதுதான். ஆனால் எனக்கு வேண்டியது வேறு.

படுத்த சதுரத்தைக் காட்டி, "இது இப்பவும் சதுரமா?" என்று கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. நான்கு பக்கமும் சமம்தானே என்று ஒரு கட்சி. பார்க்கவே சதுரம் மாதிரி இல்லையே என்று மறு கட்சி. கொஞ்ச நேரம் சத்தம். பிறகு சிவப்புப் பென்சில்காரி மூலைத்தாளை எடுத்து மூலையில் வைத்துப் பார்த்தாள். ஒரு மூலையில் தாள் உள்ளே போகவில்லை, இன்னொன்றில் வைத்தும் இடம் மிச்சம். "மூலை கெட்டுப் போச்சு. இது சதுரம் இல்ல." சரி, அப்படியானால் இது என்ன என்று கேட்டு, கெடாத சதுரம் ஒன்றைத் தூக்கி மூலையில் நிறுத்திப் பிடித்தேன். டயமன் என்று பழகிய குரல்கள் பின்னால் கேட்டன. அவள் எழும்பி வந்து நான்கு மூலைக்கும் தாளை வைத்தாள். நான்கிலும் சரியாக இருந்தது.

அந்த நிமிடத்தைத்தான் நான் இந்த ஆறு வாரத்தின் திருப்பம் என்று நினைக்கிறேன். இதுவரை தோற்றத்தை நம்பியவர்கள் முதல் தடவையாக ஒரு கருவியை நம்பினார்கள். படுத்த உருவத்துக்குச் சாய்சதுரம் என்று பேர் இருப்பதை அன்றைக்குத்தான் சொன்னேன். பொருளைக் கண்ட பிறகு பேர் சொன்னதால் ஒருவரும் அதை மறக்கவில்லை.

மேசன் அண்ணன் வந்த நாள்

வீட்டு வேலையாக மூலைத்தாளைக் கொடுத்து, வீட்டில் செங்கோணம் எங்கெங்கே இருக்கிறது, எங்கே இருக்க வேண்டியது இல்லாமல் போயிருக்கிறது என்று பார்த்து வரச் சொன்னேன். கதவு, யன்னல், சாமிப்படம், தீப்பெட்டி என்று பட்டியல்கள் வந்தன. வள்ளத்தில் ஒன்றும் சரியான மூலை இல்லை என்று ஒருவன் குறைபட்டுக்கொண்டான். ஏன் இல்லை என்று அப்பாவிடம் கேட்டானாம். "தண்ணிய வெட்டிப் போகணும், பெட்டி மாதிரி இருந்தா எப்பிடிப் போகும்" என்றாராம் அப்பா.

இரண்டு நாள் கழித்து வகுப்பு வாசலில் ஒரு தகப்பன்.

"டீச்சர், என்ன கடதாசி குடுத்து விட்டிருக்கீங்க? என்ட மகன் குசினிச் சுவரில வச்சுப் பாத்திட்டு, மூலை பிழை எண்டு வீட்டுக்கு வாற போற ஆக்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறான்."

அந்தச் சுவரைக் கட்டியது அவரேதான். மேசன். முதலில் எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அவர் சொன்ன விளக்கம்: அந்த மூலையில் பூச்சுத் தடிப்பாகிவிட்டது, கட்டு சரி. "நாங்க மூலைமட்டம் வச்சுத்தான் டீச்சர் கட்டுறது." அப்படியானால் வந்து பிள்ளைகளுக்கும் காட்டுங்கள் அண்ணன் என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை கயிற்றோடு வந்துவிட்டார்.

அத்திவாரம் போடும்போது பெரிய மூலைக்குச் சின்ன மூலைமட்டம் போதாது. அப்போது மேசன்மார் செய்கிற வேலையை மைதானத்தில் செய்து காட்டினார். ஒரு கட்டை அடித்து அதிலிருந்து ஒரு பக்கம் மூன்று அடியில் ஒரு அடையாளம். மறு பக்கம் நாலு அடியில் இன்னொன்று. இரண்டு அடையாளத்துக்கும் குறுக்கே சரியாக ஐந்து அடி வரும் வரை ஒரு பக்கத்தை நகர்த்து. ஐந்து வந்தால் மூலை செங்கோணம். ஐந்துக்குக் குறைந்தால் கூர், கூடினால் விரி. "மூண்டு, நாலு, அஞ்சு. வேற ஒண்டும் தேவையில்ல" என்றார். பிள்ளைகள் மூலைத்தாளை எடுத்துக்கொண்டு ஓடினார்கள், வைத்துப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. இது ஏன் சரி வருகிறது என்பது அவர்கள் பத்தாம் தரம் போகிற வழியில் எங்கேயோ காத்திருக்கிற பாடம். நான் வாயைத் திறக்கவில்லை. மகனுடைய தலை அன்று முழுக்க நிமிர்ந்தே இருந்தது.

பிழைத்த இடங்கள்

இரண்டு இடத்தில் நானே வழுக்கினேன்.

ஒன்று மணிக்கூடு. மூன்று மணிக்கு முள்களுக்கிடையில் செங்கோணம், ஒன்பது மணிக்கும். பன்னிரண்டேகாலுக்கும் செங்கோணம் என்று ஒரு பிள்ளை சொல்ல, நானும் ஓம் என்று தலையாட்டிவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது: கால் மணிநேரத்தில் மணிமுள்ளும் பன்னிரண்டில் இருந்து கொஞ்சம் நகர்ந்திருக்கும். 90 பாகை இல்லை, 82.5. மறுநாள் போய்ப் பிழை என்று சொல்லி, மணிக்கூட்டைக் கழற்றி முள்ளைச் சுற்றிக் காட்டினேன். டீச்சர் பிழை விட்டது அவர்களுக்குப் பெரிய கொண்டாட்டம்.

மற்றது கொஞ்சம் ஆழமான சிக்கல். மைதானத்தில் வெண்கட்டித் தூளால் பெரிய முக்கோணி ஒன்று போட்டு அதைச் சுற்றி நடக்கச் சொன்னேன். கோணம் என்றால் திரும்புதல் என்று நானே பழக்கியிருந்தேனே. மூலைக்கு வந்த பிள்ளை எவ்வளவு திரும்பியது? கால் சுற்றைவிட அதிகம். "விரிகோணம்!" என்றார்கள் எல்லாரும். தரையில் இருக்கும் மூலையோ கூர்ங்கோணம். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள்.

நடக்கிறவர் திரும்புவது வெளிக்கோணம். பக்கங்கள் சமமான முக்கோணி என்றால் உள்ளே 60, திரும்புவது 120. சதுரத்தில் இரண்டுமே 90 என்பதால் முந்தின நாள் சதுரத்தைச் சுற்றியபோது இந்தப் பள்ளம் தெரியவில்லை. திருத்துவதற்கு ஒரு வழி கிடைத்தது, அதைச் செய்து பார்க்கிறவர்களுக்காக விரிவாக எழுதுகிறேன். மூலையில் பிள்ளையை நிறுத்தி, "ஒரு கையால நீ வந்த பாதையைக் காட்டு, மற்றக் கையால போற பாதையைக் காட்டு" என்றேன். இரண்டு கைக்கும் நடுவில் இருக்கிற இடம்தான் மூலையின் கோணம். கைகள் நெருங்கி நின்றன. கூர். அதன் பிறகு எந்த உருவத்தைச் சுற்றினாலும் மூலையில் நின்று கை காட்டுவது பழக்கமாகிவிட்டது. ஆனாலும் ஏழெட்டுப் பேருக்கு இந்த இரண்டும் கடைசி வரை கலங்கியே இருந்தன. முக்கோணியைச் சுற்றி நடப்பதை இன்னும் ஒரு வருடம் தள்ளிப் போட்டிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

கோட்டின் நீளத்தைப் பார்த்துக் கோணத்தை எடைபோடுகிற பழக்கம் எல்லா ஊரிலும் உள்ளது, எங்களிடமும் இருந்தது. கோணத்தின் இரண்டு கோடுகள், அதாவது புயங்கள், நீண்டால் கோணமும் பெரிது என்ற நினைப்பு. பட்டம் கட்டுகிற டிசுத் தாளைச் சிறிய கோணத்தின் மேல் வைத்துப் பிரதி எடுத்து, நீண்ட புயம் கொண்ட மற்றதன் மேல் பொருத்தினால் இரண்டும் ஒன்றோடொன்று படிந்துவிடும். அடிமட்டத்தால் புயங்களை நீட்டியும் பார்த்தோம். விளங்கியது மாதிரித்தான் தெரிந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் பாதிப்பேர் மறுபடியும் நீளத்துக்கே போயிருந்தார்கள்.

ஆறாவது வாரம்

அதே பதினைந்து மட்டை, அதே கேள்வி. ஒல்லி முக்கோணியை இம்முறை பெரும்பாலானவர்கள் எடுத்தார்கள், எடுத்துவிட்டு எண்ணவும் செய்தார்கள்: "மூண்டு பக்கம், மூண்டு மூலை." ரொட்டி வடிவத்தை விட்டவர்கள் சொன்ன காரணம் எனக்குப் பிடித்தது: "பக்கம் வளைஞ்சு கிடக்கு, இது ரொட்டி." தலைகீழ் முக்கோணி யாருக்கும் பிரச்சினையாக இருக்கவில்லை. சதுரம் ஒரு செவ்வகமும்தான் என்று நான் சொல்லிப் பார்த்தபோது மட்டும் சிரித்தார்கள். அந்தப் படிக்கு இன்னும் காலம் இருக்கிறது.

கடைசி வாங்குக்காரனிடம் மூலையில் நிற்கிற சதுரத்தைக் கொடுத்தேன். மூலைத்தாளை வைத்துப் பார்த்தான், நான்கு மூலையும் பார்த்தான், பக்கங்களை ஈர்க்கால் அளந்தான். "சதுரம்" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா டயமனும்தான்" என்றான். கொப்பியில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

சுவரில் இருந்த என் பழைய படத்தைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகள் செய்த புதிய படத்தை மாட்டினோம். அதில் முக்கோணிகள் எல்லாப் பக்கமும் பார்த்தபடி நிற்கின்றன, சில தலைகீழாக. ஒரு சதுரம் மூலையில் நிற்கிறது. போன கிழமை பக்கத்து வகுப்பு டீச்சர் ஏதோ கேட்க உள்ளே வந்தவர், கதவுக்குப் பக்கத்தில் தனியாக ஒட்டியிருந்த தலைகீழ் முக்கோணியைப் பார்த்து, யாரோ மாறி ஒட்டிவிட்டார்கள் என்று நினைத்து, பேசிக்கொண்டே கழற்றி நுனி மேலே வருகிற மாதிரி ஒட்டிவிட்டுப் போனார். அவர் வாசலைத் தாண்டும் வரை வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு சிவப்புப் பென்சில்காரி எழும்பிப் போய்ப் பழையபடி திருப்பி ஒட்டினாள்.